டீசல் பிக்கப் டிரக்கின் இன்ஜெக்‌ஷன் பம்ப்: எப்படிப் போகிறது, எதை மாற்றலாம், எதற்குச் செலவு செய்யக்கூடாது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டீசல் பிக்கப் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் பம்பில் வந்து நிற்கும். ஒருத்தர் வண்டி நடுவழியில் நின்ற கதையைச் சொல்வார், இன்னொருத்தர் அந்தக் கதையைக் கேட்ட பயத்திலேயே எதையாவது வாங்கி மாட்டியிருப்பார். என்னிடம் வருகிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதேதான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பேசுவது முழுக்க அமெரிக்காவில் ஓடும் பெரிய பிக்கப்களைப் பற்றி: செவ்ரோலெட், ஜிஎம்சி வண்டிகளின் டியூராமேக்ஸ், ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், டாட்ஜ் மற்றும் ராம் வண்டிகளின் கம்மின்ஸ்.

டேங்க்கில் இருக்கிற பம்பும் இன்ஜெக்‌ஷன் பம்பும் ஒண்ணுதானே?

இல்லை. டேங்க்கிலோ சேஸிலோ இருப்பது லிஃப்ட் பம்ப். டீசலை முன்னால் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது, அழுத்தம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தை ஒட்டித்தான் இருக்கும், பல வண்டிகளில் அதைவிடக் குறைவு. இன்ஜெக்‌ஷன் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. வந்த டீசலை நசுக்கி, காமன் ரெயில் வண்டிகள் பலவற்றில் 2000 பார் வரை, அதாவது சுமார் 29,000 பிஎஸ்ஐ வரை ஏற்றி ரெயிலுக்கு அனுப்பும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக டீசலைத் தேக்கி வைக்கும் குழாய்தான் ரெயில்.

அந்த அழுத்தத்தில் கசியாமல் இருக்க உள்ளே இருக்கும் பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் விடுவார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காமன் ரெயில் பம்புக்கு மசகு எண்ணெயும் அந்த டீசல்தான், தனியாக ஆயில் கிடையாது. கீழே வரும் பாதி பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

என் வண்டியில் எந்தப் பம்ப் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வருஷத்தையும் இன்ஜினையும் சொன்னால் போதும். கம்மின்ஸில் 1994 முதல் 1998 வரையான 12 வால்வ் இன்ஜின்களில் பி7100 என்ற மெக்கானிக்கல் பம்ப். எலக்ட்ரானிக்ஸே கிடையாது, இன்றைக்கும் பவர் ஏற்றுகிறவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிற சாமான். 1998 நடுவிலிருந்து 2002 வரை விபி44. 2003 முதல் 2018 வரை சிபி3. 2019, 2020 இரண்டு வருஷம் சிபி4, அப்புறம் 2021-ல் மறுபடி சிபி3-க்கே திரும்பிவிட்டார்கள். 2021 கடைசியில் அந்த இரண்டு வருஷ வண்டிகளில் 2 லட்சத்துக்கும் மேலானவற்றை ரீகால் செய்ததும் இந்தப் பம்புக்காகத்தான்.

டியூராமேக்ஸில் 2001 முதல் 2010 வரை சிபி3, 2011 முதல் 2016 வரையான எல்எம்எல் இன்ஜினில் சிபி4, 2017-ல் வந்த எல்5பி இன்ஜினில் டென்ஸோவின் எச்பி4. ஃபோர்டில் 2011-ல் வந்த 6.7 இன்ஜினிலிருந்து சிபி4. பழைய 7.3, 6.0 பவர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பெரிதாக வேலை இல்லை, அவற்றில் இன்ஜெக்டரை இயக்குவதே உயர் அழுத்த இன்ஜின் ஆயில், அது வேறு தலைவலி.

சிபி4 மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பேர் எடுத்திருக்கு?

சிபி3, சிபி4 இரண்டுமே பாஷ் கம்பெனியின் பம்புகள்தான். சிபி3-ல் மூன்று பிஸ்டன். இந்த பிக்கப்களில் வரும் சிபி4-ல் இரண்டே பிஸ்டன், அதனால் ஒவ்வொன்றுக்கும் வேலை அதிகம். ஆனால் வில்லங்கம் எண்ணிக்கையில் இல்லை, பிஸ்டனுக்குக் கீழே இருக்கிறது. அங்கே பிஸ்டனை மேலே தள்ளும் ஒரு டாப்பெட், அதன் அடியில் சின்ன உருளை ஒன்று, அந்த உருளை கேம் மேல் சக்கரம் போல உருண்டு ஓட வேண்டும். டாப்பெட் தன் துளைக்குள் கொஞ்சம் திரும்பிக்கொண்டால் உருளை உருளாமல் கேமைக் குறுக்காகத் தேய்க்க ஆரம்பிக்கும். தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான். கடினப்படுத்தின இரும்பு இரண்டும் ஒன்றையொன்று அரைத்துப் பொடியாக்கிவிடும்.

அடுத்த அநியாயம், டீசல் முதலில் அந்தக் கேம் இருக்கும் அறையை நிரப்பிவிட்டுத்தான் பிஸ்டனுக்கே போகிறது. அரைத்த தூள் அத்தனையும் ரெயில், இன்ஜெக்டர் என்று போய், ரிட்டன் (மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்பும் குழாய்) வழியாக டேங்க் வரைக்கும் ஊர்வலம் போய்விடும். சிபி3 தேய்ந்தால் பெரும்பாலும் மெதுவாகத் தளரும், அழுத்தம் குறையும், நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். சிபி4 போகும்போது வீட்டையே காலி செய்துவிட்டுப் போகும்.

டீசல்ல தான் குறைன்னு சொல்றாங்களே, அப்போ பம்ப் மேல தப்பு இல்லையா?

இரண்டிலும் இருக்கிறது. 2006 முதல் அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கான டீசலில் கந்தக வரம்பு 500 பிபிஎம்-லிருந்து 15 பிபிஎம்-க்கு இறங்கியது. கந்தகம் போனதால் வழுவழுப்பு போனது என்று எல்லோரும் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜனோடு சேர்த்துச் சுத்திகரிக்கும்போது, இயற்கையாக வழுவழுப்பு தரும் வேறு சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் சுத்திகரிப்பு முடிந்த பின் மசகு மருந்து கலக்கிறார்கள்.

எவ்வளவு கலந்தால் போதும் என்பதை எச்எஃப்ஆர்ஆர் என்ற சோதனை சொல்லும். டீசலில் மூழ்கிய ஒரு சின்ன எஃகு உருண்டையை ஒரு தட்டில் தேய்த்து, விழும் தழும்பை அளப்பார்கள். ஐரோப்பியத் தரம் 460 மைக்ரானுக்கு மேல் தழும்பு கூடாது என்கிறது, அமெரிக்கத் தரம் 520 வரை விடுகிறது. சிபி4 ஐரோப்பாவில் பிறந்த பம்ப். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு டீசலில் தண்ணீரோ காற்றோ சேர்ந்தால் பாகங்களுக்கு நடுவில் மசகாக நிற்கும் மெல்லிய டீசல் படலமும் அறுந்துவிடும்.

பம்ப் போகப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?

சிபி3-லும் விபி44-லும் பெரும்பாலும் தெரியும். காலையில் செல்ஃப் நீளமாக எடுக்கும், சூடான இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பப் போட்டால் இன்னும் நீளமாக எடுக்கும், மேட்டில் ட்ரெய்லரோடு ஏறும்போது இழுவை விட்டுவிட்டு வரும். பிக்கப்பில் பிக்கப் இல்லை என்று சொல்லிச் சிரிப்போம், அனுபவிக்கிறவருக்குச் சிரிப்பு வராது.

சிபி4 பல சமயம் எச்சரிக்கையே தராது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பவர் குறைந்து, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக மட்டும் ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும், அல்லது ஒரேயடியாக அணைந்துவிடும், அதன் பின் எவ்வளவு கிராங்க் செய்தாலும் உயிர் வராது. அப்படி நின்றால் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தூள் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது.

பி0087 கோடு வந்திருக்கு. பம்ப் போச்சா?

அந்தக் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் ஸ்கேனரில் காட்டும் பழுது எண்) சொல்வது ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது மட்டும்தான். ஏன் என்று அதற்குத் தெரியாது. அடைத்துக்கொண்ட ஃபில்டர், செத்துப்போன லிஃப்ட் பம்ப், உறிஞ்சும் பக்கத்தில் காற்று எடுப்பது, ரிட்டனில் அதிகமாக விடும் ஒரு இன்ஜெக்டர், ரெயிலில் இருக்கும் ரிலீஃப் வால்வ் ஒழுகுவது, இதில் எது நடந்தாலும் அதே கோடுதான். பம்ப் பட்டியலில் கடைசி. ஆனால் பட்டறையில் முதலில் சொல்லப்படுவது அதுதான், ஏன் என்றால் பில்லில் பெரிய தொகை அதற்குத்தான்.

முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். அடுத்து லிஃப்ட் பம்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டனையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளந்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் திருடன் அவன்தான். டியூராமேக்ஸில் 2016 வரை தொழிற்சாலையிலிருந்து லிஃப்ட் பம்பே கிடையாது என்பதை மறக்க வேண்டாம். இன்ஜின் பக்கத்திலிருந்து டேங்க் வரைக்கும் உறிஞ்சுவதுதான். அந்தப் பாதையில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரமே இல்லாமல் ஒழுக்கு இருக்கும்.

பம்பைக் கழட்டாமலே உள்ளே தேய்ஞ்சிருக்கான்னு பார்க்க முடியுமா?

முடியும். பம்பின் மேலோ பக்கத்திலோ ஒயர் சாக்கெட் போகும் மீட்டரிங் வால்வ் இருக்கும், சில ஸ்க்ரூதான். சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழட்டி, அதன் மூக்கில் இருக்கும் சல்லடையையும், அது உட்கார்ந்திருந்த குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குழியில் தேங்கிய டீசலைச் சிரிஞ்சில் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் காட்டினால் போதும்.

ஒரு நண்பர் வண்டியில் இதைச் செய்தபோது துணி முதலில் சும்மா ஈரமாகத்தான் தெரிந்தது. சாய்த்துப் பிடித்ததும் கல்யாணப் புடவை ஜரிகை மாதிரி மினுமினுவென்று வந்தது. துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினோம், மினுமினுப்பும் கூடவே நகர்ந்தது. அவருடைய முகம் போன போக்கை எழுத முடியாது. ஆனால் வண்டி அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த நிலையில் பிடித்ததே அதிர்ஷ்டம். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை அறுத்து இதே சோதனையைச் செய்யலாம், ஆனால் ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருப்பதால் அங்கே தூள் தெரிந்தால் அது டேங்க் வரை போய்ச் சுற்றி வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்தா எந்தச் சிலிண்டர்னு தெரிஞ்சிடுமே, எங்க அப்பா லாரியில அப்படித்தான் பார்ப்பாரு?

அப்பாவின் லாரியில் சரி. காமன் ரெயிலில் இன்ஜின் ஓடும்போது அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலை ஊசி மாதிரி துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் பட்டுவிட்டால் சின்னக் காயம் என்று விடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒழுகுகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் வேண்டாம், அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

பம்ப் போயிடுச்சு. பம்பை மட்டும் மாத்தினா போதாதா? எட்டாயிரம் டாலர்னு சொல்றாங்க.

உள்ளே தூள் இல்லை என்று மேலே சொன்ன துணிச் சோதனையில் உறுதியானால் பம்ப் மட்டும் போதும். தூள் இருந்தால் போதாது. பம்ப், இன்ஜெக்டர்கள், ரெயில், உயர் அழுத்தக் குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டும், ரிட்டன் குழாயும் டேங்க்கும் கழுவ வேண்டும், ஃபில்டரும் புதிது. அதனால்தான் 8,000, 10,000 டாலர் என்று போகிறது, சில இடங்களில் அதற்கு மேலும்.

காசை மிச்சம் பிடிக்கப் புதுப் பம்பை மட்டும் மாட்டி, இன்ஜெக்டர்களைக் கழுவிப் போட்டுக்கொண்ட ஒருவரைத் தெரியும். குழாய்களில் ஒட்டியிருந்த தூள் இன்ஜெக்டர்களைக் கடித்தது, இரண்டு திறந்தபடி நின்றுவிட்டன. திறந்தபடி நிற்கும் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும், பிஸ்டன் உருகும். கடைசியில் அவர் வாங்கியது இன்ஜின்.

ஃபில்டர் மாத்தினேன், வண்டி ஸ்டார்ட் ஆகலை. என்ன பண்ணிட்டேன்?

ஏர் பிடித்திருக்கும். லிஃப்ட் பம்ப் இருக்கும் வண்டியில் சாவியை ஆன் நிலையில் அரை நிமிஷம் விட்டு அணைத்து, திரும்ப ஆன் செய்து, இப்படி நான்கைந்து முறை ஓடவிட்ட பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். டியூராமேக்ஸ் எல்எம்எல் மாதிரி வண்டியில் ஃபில்டர் தலையில் கையால் அழுத்தும் பிரைமர் இருக்கும், ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, குமிழ் இல்லாத டீசல் வரும்வரை அழுத்துங்கள், அலுத்துப் போகும், அழுத்துங்கள். டீசல் இல்லாமல் சுற்றும் ஒவ்வொரு நொடியும் சிபி4-க்கு மசகு இல்லாத நொடி. டேங்க்கைக் காயவிட்டு ஓட்டுவதும் இதே ரகம், கால் டேங்க்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தெரியாம பெட்ரோல் ஊத்திட்டேன். ஓட்டிட்டே தீர்த்துடலாமா?

கூடாது. பெட்ரோலுக்கு வழுவழுப்பு என்பதே கிடையாது, டீசல் படலத்தைக் கழுவி எடுத்துவிடும். சாவியைக்கூட ஆன் செய்ய வேண்டாம், லிஃப்ட் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். அப்படியே இழுத்துப்போய் டேங்க்கை வடிக்கச் சொல்லுங்கள்.

இதைவிட மோசம் டிஇஎஃப்-ஐ, அதாவது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் திரவத்தை, டீசல் டேங்க்கில் ஊற்றுவது. அது 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் தண்ணீர். துருவும் பிடிக்கும், காய்ந்தால் உப்பு மாதிரி படிகமும் ஆகும். நீல மூடி டிஇஎஃப்-க்கு என்று அசதியில் பங்கில் நிற்கும்போது நினைவு வராது. வண்டியை வேறு யாரிடமாவது ஓட்டக் கொடுக்கும்போது சாவியோடு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஆடிட்டிவ் ஊத்தினா பம்ப் பிழைக்குமா? டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தலாம்னு ஒருத்தர் சொன்னார்.

வழுவழுப்பைக் கூட்டும் நல்ல ஆடிட்டிவ் எச்எஃப்ஆர்ஆர் தழும்பைக் குறைக்கும், உண்மை. இரண்டு சதவீதம் பயோடீசல் கலந்தாலே கணிசமாகக் குறையும். குளிர்காலத்தில் கலக்கும் லேசான டீசல் ஓடும்போது ஆடிட்டிவ் இன்னும் அவசியம். ஆனால் திரும்பிக்கொண்ட டாப்பெட்டை எந்த மருந்தும் நேராக்காது.

டூ ஸ்ட்ரோக் ஆயில், பழைய இன்ஜின் ஆயில் இரண்டும் பழங்கால இன்ஜின்களின் பழக்கம். அவற்றில் பலவும் எரிந்து விடும் சாம்பல் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-ல் போய்த் தங்கும், எரித்தாலும் போகாது.

தனியா லிஃப்ட் பம்ப் போட்டா பிரச்சனை தீருமா?

தீராது, ஆனால் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் போடுவேன். ஃபாஸ், ஏர்டாக் மாதிரி கிட்கள் டீசலில் இருக்கும் காற்றைப் பிரித்து டேங்க்குக்கே திருப்பிவிடும், தண்ணீரைத் தனியாகப் பிடிக்கும், கம்பெனி ஃபில்டரைவிட நுண்ணியதில் வடிகட்டும். லிஃப்ட் பம்பே இல்லாத எல்எம்எல்-க்கு இது பெரிய மாற்றம், ஃபோர்டுக்குப் பலன் முக்கியமாக வடிகட்டலில்.

விபி44 வண்டியில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்தப் பம்பைக் கொல்வதே இன்ஜின் பக்கத்தில் இருந்த சொத்தையான லிஃப்ட் பம்ப்தான். லோடில் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கினால் உள்ளே குளிர்ச்சியும் இல்லை, மசகும் இல்லை. பி0216 கோடு வந்தால் பெரும்பாலும் பம்புக்குள் டைமிங் பிஸ்டன் தேய்ந்துவிட்டது, அதன் பின் லிஃப்ட் பம்ப் போட்டுப் பயனில்லை. எந்த வண்டியானாலும் டேஷில் ஒரு அழுத்தக் கேஜ் வையுங்கள். லிஃப்ட் பம்ப் செத்தது தெரியாமல் ஓட்டினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

டிசாஸ்டர் கிட் போட்டா சிபி4 போகாதுன்னு சொன்னாங்களே?

போகும். அந்தக் கிட் பம்பைக் காப்பாற்றுவதற்கு இல்லை, மற்றதைக் காப்பாற்றுவதற்கு. கேம் அறையிலிருந்து வரும் டீசல் பிஸ்டனுக்குப் போகாதபடி பாதையைப் பிரித்து, அதை ரிட்டன் வழியாக டேங்க்குக்கு அனுப்பிவிடும், பிஸ்டனுக்கு ஃபில்டரிலிருந்து நேராகச் சுத்தமான டீசல். பம்ப் அரைத்துக்கொண்டால் தூள் டேங்க்குக்குப் போகும், திரும்பி வரும் வழியில் ஃபில்டர் பிடித்துவிடும். சில நூறு டாலரில் முடியும் சமாச்சாரம், எட்டாயிரத்தை இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் அடக்கக்கூடியது. லிஃப்ட் பம்புக்கு அடுத்து இது.

பேசாம சிபி3-க்கே மாத்திடலாமா?

எல்எம்எல்-ல் மாற்றலாம், பல வருஷமாகச் செய்கிறார்கள், கிட் கிடைக்கிறது. ஒரிஜினல் அளவு சிபி3 என்றால் சில கிட்களில் டியூனிங் வேண்டாம், பெரிய அளவு என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம்-க்குப் புதுப் பம்பைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஃபோர்டு 6.7-ல் இடமும் அமைப்பும் ஒத்துவராததால் சிபி3 பெரிய வேலை, அதற்குப் பதில் நேராக உட்காரும் டிசிஆர் வகைப் பம்பைப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என் கருத்து: ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சிபி4-ஐப் பயத்தில் மட்டும் கழட்ட வேண்டாம். லிஃப்ட் பம்பும் மேலே சொன்ன கிட்டும் போட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே போய்விட்டது என்றாலோ, வேறு வேலைக்காக இன்ஜின் மேல்பக்கம் திறந்தே கிடக்கிறது என்றாலோ அப்போது மாற்றுங்கள், கூலி ஒரே கூலி. பழைய சிபி3-ஐக் கழிவு வண்டியிலிருந்து வாங்குவதானால் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிய தாள் இல்லாமல் வாங்காதீர்கள், வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் பம்பில் துரு இருக்கும்.

ஸ்ட்ரோக்கர் பம்ப் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?

பம்ப் மட்டும் போட்டால் ஒன்றும் ஏறாது. ஸ்ட்ரோக்கர் என்றால் பிஸ்டன் கூடுதல் தூரம் நகர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் அதிக டீசல் தள்ளும் பம்ப். 10 மில்லிமீட்டர், 12, 14 என்று சொல்வார்கள். அதிகமாவது அளவுதான், உச்ச அழுத்தத்தை இசிஎம்-மும் ரிலீஃப் வால்வும் முடிவு செய்கின்றன. பெரிய இன்ஜெக்டரும் டியூனிங்கும் டர்போவும் போட்ட பிறகு பம்ப் ஈடுகொடுக்காமல் போனால்தான் இது தேவை.

தேவையா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கேனரில் கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த ரெயில் அழுத்தம் இரண்டையும் பதிவு செய்தபடி முழு ஆக்சிலரேட்டரில் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். திரையில் வரையும் இரண்டு கோடும் ஒட்டிப் போனால் பம்ப் போதும், பணத்தைப் பையிலேயே வையுங்கள். கிடைத்தது கீழே சரிந்தால், பி0087 கேள்வியில் சொன்னதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பம்பைப் பற்றி யோசிக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் ஸ்டாக் சிபி3 சுமார் 500 குதிரைத்திறன் வரை சமாளிக்கும், ட்ரெய்லர் இழுக்கிறவர்களுக்கு அதுவே மிச்சம்.

வெளி பாகம் போட்டா வாரண்ட்டி போயிடுமா? சட்டப்படி சரியா?

1975-ல் வந்த மேக்னசன் மாஸ் சட்டப்படி, வெளி பாகம் இருப்பதை மட்டும் காட்டி வாரண்ட்டியை மறுக்க முடியாது, பழுதுக்கும் அந்தப் பாகத்துக்கும் தொடர்பு இருப்பதை வண்டிக் கம்பெனி காட்ட வேண்டும். ஆனால் லிஃப்ட் பம்பும் டீசல் பாதையும் நேரடியாகச் சம்பந்தப்பட்டவை, வாதம் வளரும். இன்னொரு பொறி, பம்பில் துரு தெரிந்தால் கெட்ட டீசல் என்று சொல்லி மறுப்பது. டீசல் ரசீதுகளையும் ஃபில்டர் மாற்றிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். வண்டி நின்ற அன்றே டேங்க்கிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் டீசல் எடுத்து, தேதி எழுதி மூடி வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழட்டுவதும் அவற்றை அணைக்கும் டியூனிங்கும் அமெரிக்கா முழுக்கச் சட்டவிரோதம். பம்ப் மாற்றும் சாக்கில் அதையும் சேர்த்துச் செய்துதருகிறேன் என்று சொல்லும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் இன்னும் கண்டிப்பு, அங்கே வண்டி வைத்திருப்பவர்கள் கிட் வாங்கும் முன் அதற்கு அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்ப் மாத்தினா மைலேஜ் கூடுமா?

கூடாது. அப்படிச் சொல்லி விற்றவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.